குரலா, வித்தையா? உஸ்தாத் மஹ்வஷை முன்வைத்து

1

2024 ஆகஸ்டில் காபூலின் தாலிபான் அரசு 35 பிரிவுகள் கொண்ட ஒரு சட்டத்தை வெளியிட்டது. நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். பெண்ணின் குரலும் மறைக்கப்பட வேண்டியதே, அவள் பொதுவில் பாடுவதோ ஓதுவதோ சத்தமாக வாசிப்பதோ கூடாது என்கிறது அதில் ஒரு பிரிவு. அதைக் கண்டித்து எங்கள் ஊரில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. பேசிய நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில்தான் முடித்தார்கள்: ‘குரலற்றவர்களின் குரலாக நாம் இருப்போம்.’ கைதட்டினோம், டீ குடித்தோம், கலைந்தோம்.

வீடு வந்து சேரும்வரை அந்த வாக்கியம் நெருடிக்கொண்டே இருந்தது. குரலற்றவர்கள் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? ஃபரீதா மஹ்வஷ் என்ற ஆப்கானியப் பாடகியின் ஒலிப்பதிவுகளைச் சில வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். அவர் பாடுகிற தாரி மொழி எனக்குத் தெரியாது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ராக இலக்கணமும் அரைகுறைதான். ஆனாலும், ஒரு வரியை அவர் எடுத்து, இழுத்து, நிறுத்தி, பிறகு வேறு வழியாகச் சுற்றிவந்து அதே சொல்லில் இறங்குவதைக் கேட்டால் ஒன்று விளங்கிவிடும். இது தானாக வந்ததல்ல, உட்கார்ந்து கற்றது. குரல் எல்லோருக்கும் இருக்கிறது. வித்தை அப்படி இருப்பதில்லை. அதற்கு ஆசிரியர் வேண்டும், இடம் வேண்டும், சோறு போட ஒரு ஏற்பாடு வேண்டும், நாடு கொஞ்ச காலமாவது குண்டு விழாமல் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுக் ‘குரல், குரல்’ என்றே பேசிக்கொண்டிருப்பதில் எதைத் தவறவிடுகிறோம் என்பதை மஹ்வஷின் வாழ்க்கையை வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

2

காபூலின் பழைய நகரத்தில், பாலா ஹிசார் கோட்டைக்கு அருகே கராபாத் என்றொரு பகுதி. 1860களில் அமீர் ஷேர் அலி கான் இந்தியாவிலிருந்து பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தன் அரசவைக்கு அழைத்து வந்தார். அவர்கள் அங்கேதான் குடியேறினார்கள். கராபாத்தின் உஸ்தாதுகள் பலரும் அவர்களின் வழிவந்தவர்கள். ராகம், தாளம், தபலா, ஹார்மோனியம் எல்லாம் இந்துஸ்தானி மரபு. பாடுகிற கஸல் பாரசீகம். கூட வாசிக்கிற ரபாப் ஆப்கானியருடையது. ஆப்கானிய நவீன இசையின் தந்தை என்று போற்றப்படும் உஸ்தாத் காசிம் இந்தப் பகுதியில் உருவானவர். பின்னால் வந்த உஸ்தாத் சராஹங் பாட்டியாலா கரானாவில் பயின்று திரும்பியவர். ‘தூய ஆப்கானிய மரபு’ என்று ஒன்றைத் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். மரபு என்று சொல்லப்படுவதே ஒரு குடிபெயர்வில் தொடங்குகிறது.

கராபாத் என்ற சொல்லுக்குப் பாரசீக சூஃபிக் கவிதையில் மதுக்கூடம் என்று பொருள். பாழ், சிதிலம் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. இந்த இரண்டாவது பொருளுக்குப் பின்னால் வர வேண்டியிருக்கும்.

ஆப்கானியச் சமூகம் இசைக்காரர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. பிறப்பால் தொழிலாக வாசிப்பவர் ‘கஸ்பி’. ஆசையால் பாடுபவர் ‘ஷௌகி’. ஷௌகிக்கு மரியாதை உண்டு. கஸ்பிக்கு வித்தை உண்டு, மரியாதை சந்தேகம். மேற்கே ஹேராத்தில் கல்யாணங்களில் சூர்ணாவும் முரசும் வாசித்தவர்கள் நாவிதர் குடும்பத்தார். இதற்குமேல் நம் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்த இசை இல்லாமல் கல்யாணம் நடக்காது. ஆனால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டார்கள்.

பெண்களின் இசை இதற்கும் வெளியே இருந்தது. வீட்டுக்குள், பெண்கள் மட்டும் கூடும் இடத்தில், தாயிரா என்ற ஒருமுகப் பறையைத் தட்டிப் பாடினார்கள். பஷ்தூன் பெண்களிடம் ‘லண்டை’ என்ற ஈரடிப் பாட்டு உண்டு. முதலடியில் 9 அசை, இரண்டாமடியில் 13. யார் கட்டியது என்று பேர் இருக்காது. காதல், கோபம், போர், கிழட்டுக் கணவன் மேல் வெறுப்பு எல்லாம் அந்த இரண்டு அடியில் வரும். ஆக, ஆப்கானியப் பெண்ணுக்குக் குரல் எப்போதும் இருந்தது. இல்லாமலிருந்தவை பெயரும், பொது இடமும், உஸ்தாதிடம் உட்கார்ந்து கற்கும் வாய்ப்பும்.

3

வானொலி இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 1920களில் அமானுல்லாவின் காலத்தில் தொடங்கிய சிறு ஒலிபரப்பு 1929 கலகத்தோடு நின்றுபோனது. 1940களில் காபூல் வானொலி நிலைபெற்றது. பல மொழிகள், பல இனங்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகக் குறைவு. இப்படிப்பட்ட நாட்டில் ‘நாம் எல்லோரும் ஆப்கானியர்’ என்ற எண்ணத்தைப் பத்திரிகையால் உருவாக்க முடியாது. வானொலியால் ஓரளவு முடிந்தது. பஷ்தூன் நாட்டுப்புற மெட்டு, பாரசீகக் கவிதை, இந்துஸ்தானி இலக்கணம் மூன்றையும் சேர்த்து வானொலி ஒரு பொது இசையைக் கட்டமைத்தது. தேசம் என்பது காதால் கேட்கப்பட்டது என்றே சொல்லலாம்.

வானொலிக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. அது உடலைக் குரலிலிருந்து பிரித்துவிடுகிறது. முகம் தெரியாது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் புனைபெயரில் பாட வந்தார்கள். சாதிக் ஃபித்ரத் என்ற பாடகர் வைத்துக்கொண்ட பெயர் ‘நாஷெனாஸ்’. அறியப்படாதவர் என்று பொருள்! நாடு முழுக்க அறிந்த ஒரு அறியப்படாதவர். 1950களின் தொடக்கத்தில் மெர்மன் பர்வீனின் பாட்டு காபூல் வானொலியில் ஒலித்தது. 1959ல் பிரதமர் தாவூத் கானின் காலத்தில் அரச குடும்பத்துப் பெண்கள் முகத்திரையின்றிப் பொது மேடைக்கு வந்தார்கள். கவனிக்க வேண்டியது, காற்றலையில் பெண்ணின் குரல் வந்து சில வருஷங்கள் கழித்துத்தான் முகம் வந்தது. இன்று குரலையே உடலாக்கித் தடை செய்கிற சட்டத்துக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. குரல் உடலிலிருந்து ஒருமுறை விடுபட்டுவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஃபரீதா 1947ல் காபூலில் பிறந்தார். அம்மா குர்ஆன் கற்பிக்கும் ஆசிரியை. வீட்டில் பாட்டுக்கு இடமில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போன இடம் வானொலி நிலையம், பாடகியாக அல்ல, அலுவலக ஊழியராக. அங்கே ஹஃபீஸுல்லா கயால் அவருடைய குரலைக் கவனித்துப் பாடத் தூண்டினார். ‘மஹ்வஷ்’, நிலவைப் போன்றவள், என்ற பெயரில் நாடு அவரை அறிந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் ‘அலுவலகத்திலிருந்து ஒலிவாங்கிக்கு’ என்று ஒரு சினிமா எடுத்துவிடலாம். குரல் கண்டுபிடிக்கப்பட்டது, புகழ் வந்தது, சுபம். நடந்தது அதுவல்ல. குரல் போதாது என்று அவர் படிக்கப் போனார். கராபாத்தின் தபலா மேதை உஸ்தாத் ஹாஷிம் சிஷ்தியிடம் இந்துஸ்தானி முறைப்படி கடுமையான பயிற்சி. சராஹங்கிடமும் பாடம். மதிப்புள்ள குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண், மதிப்புக் குறைவாகப் பார்க்கப்பட்ட தெருவின் ஆசிரியர்களிடம் போய் உட்காருகிறார். ஷௌகிக்கும் கஸ்பிக்கும் நடுவிலிருந்த கோட்டை மட்டுமல்ல, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலிருந்த கோட்டையும் சேர்த்துத் தாண்டினார். என்னைக் கேட்டால், மேடையில் பாடியதைவிடப் பெரிய மீறல் அந்தப் பாய்மேல் போய் உட்கார்ந்ததுதான்.

4

தாவூத் கானின் குடியரசுக் காலத்தில் (1973-78) மஹ்வஷுக்கு ‘உஸ்தாத்’ பட்டம் வழங்கப்பட்டது. ‘ஓ பச்சா’ என்ற, பல ராகங்களை ஒரே பாட்டில் கோத்த கடினமான பாடலைப் பாடிக் காட்டிய பிறகு வந்த அங்கீகாரம் அது. ஆப்கானிஸ்தானில் ஒரு பெண் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல்முறை. சலசலப்பும் எழுந்தது.

‘உஸ்தாத்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் ஊர் முஸ்லிம் நண்பர்கள் மதரஸா ஆசிரியரை ‘உஸ்தாது’ என்பார்கள். அதே சொல்தான். பாரசீகத்தில் இலக்கணப் பால் கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே பிரதிப்பெயர். ஆகவே உஸ்தாத் என்ற சொல் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. மொழி தடுக்கவில்லை, ஆனாலும் அவருக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கும் அது கிடைக்கவில்லை. மொழியில் இல்லாத பால் வழக்கில் இருந்தது. மொழியைத் திருத்தினால் சமூகம் திருந்திவிடும் என்று நம்புகிற நம் நண்பர்கள் இதை யோசிக்கலாம்.

பாடகி என்றால் குரலைப் பாராட்டலாம், அழகைப் பாராட்டலாம், மறந்தும் விடலாம். உஸ்தாத் என்றால் அவருக்குத் தெரியும், அவர் கற்றுக்கொடுப்பார், ஒரு ஆண் வந்து அவர் முன்னால் உட்கார வேண்டிவரும். கராபாத் மரபில் மாணவர் மணிக்கட்டில் ஆசிரியர் நூல் கட்டி ஏற்றுக்கொள்ளும் சடங்கு உண்டு. அந்த நூலைக் கட்டும் உரிமை இப்போது ஒரு பெண்ணின் கைக்கு வருகிறது. சலசலப்பு எதற்காக எழுந்தது என்று புரிகிறதல்லவா? பெண் பாடுவதைச் சகித்துக்கொள்ளும் சமூகம்கூட, பெண் ஆசிரியராவதைச் சகிக்கத் தயங்குகிறது.

5

1978 ஏப்ரலில் சௌர் புரட்சி. தாவூத் கொல்லப்பட்டார். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்தன. 1989 பிப்ரவரியில் வெளியேறின. இந்தப் பத்து வருஷத்தைப் பற்றி எனக்கு மூத்த தோழர்கள் இன்றும் ஒரு தொனியில்தான் பேசுகிறார்கள்: ‘அப்போ பொண்ணுங்க காலேஜுக்குப் போனாங்க, டிவியில பாடினாங்க.’ பொய்யில்லை. மணப்பெண் விலையையும் குழந்தை மணத்தையும் கட்டுப்படுத்த 1978லேயே ஆணை வந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் பெண்களுக்குத் திறந்திருந்தன. அதே ஆட்சியில்தான் புலி சர்கி சிறையில் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டதும். முன்னாள் பிரதமரின் மகனும் ஆப்கானியரின் மிகப் பிரபலமான பாடகருமான அஹ்மத் ஸாஹிர் 1979 ஜூன் 14ல், தன் பிறந்தநாளன்றே, சாலையில் இறந்து கிடந்தார். அரசு விபத்து என்றது. மக்கள் இன்றுவரை கொலை என்றே நம்புகிறார்கள். ஒரு கையால் ஒலிவாங்கியைக் கொடுத்து மறு கையால் கழுத்தைப் பிடிக்கிற அரசை, ஒலிவாங்கியை மட்டும் பார்த்து மெச்ச முடியாது.

இன்னொரு தவறான பேச்சும் உண்டு. ‘தாலிபான் விரட்டிய பாடகி’ என்று மஹ்வஷை யாராவது அறிமுகப்படுத்தினால் நம்பாதீர்கள். தாலிபான் காபூலைப் பிடித்தது 1996 செப்டம்பரில். மஹ்வஷ் நாட்டைவிட்டுப் போனது 1991ல், நஜிபுல்லா ஆட்சி இன்னும் காபூலில் இருந்தபோதே. கணவரோடும் ஐந்து மகள்களோடும் பாகிஸ்தான் போனார். அங்கே எதிரெதிர்க் குழுக்கள் ஒவ்வொன்றும் தனக்காகப் பாடு, இல்லையென்றால் பாடவே வேண்டாம் என்றது. கொலை மிரட்டல். மறைந்து வாழ வேண்டியிருந்தது.

அது வெறும் மிரட்டல் அல்ல என்பதைப் பெஷாவரில் முன்பே காட்டியிருந்தார்கள். பெண்களின் லண்டைகளைத் தொகுத்த தத்துவப் பேராசிரியர் சையத் பஹாவுத்தீன் மஜ்ரூஹ், 1988 பிப்ரவரியில் பெஷாவரில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அகதி முகாம்களில் முல்லாக்கள் இசையைத் தடுத்து வைத்திருந்தார்கள். நாடு துக்கத்தில் இருக்கிறதாம், துக்க வீட்டில் பாட்டு கூடாதாம். அந்தக் குழுக்களுக்கு அமெரிக்காவின் ஆயுதமும் பணமும் பாகிஸ்தான் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஐ.நா. அகதிகள் ஆணையம் மஹ்வஷின் கோரிக்கையை எடுத்துக்கொண்டது. 1991லேயே அமெரிக்கா அடைக்கலம் கொடுத்தது. தன்னைத் துரத்திய துப்பாக்கிகளுக்குக் காசு கொடுத்த நாட்டிலேயே தஞ்சம். வரலாறு சில சமயம் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது.

1992 ஏப்ரலில் முஜாஹிதீன்கள் காபூலுக்குள் வந்ததும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பெண்கள் பாடுவது நின்றது. தாலிபானுக்கு நான்கு வருஷம் முன்பே! பிறகு குழுக்களுக்குள் நடந்த சண்டையில் கராபாத் தரைமட்டமானது. இசைக்காரர்கள் பெஷாவருக்கு ஓடினார்கள். பாழ் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் முன்பே இருந்தது என்றேனே, அதைக் குண்டு போட்டு மெய்யாக்கினார்கள்.

6

மஹ்வஷ் சேர்ந்த இடம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட். ‘குட்டிக் காபூல்’ என்று பேர் வாங்கிய ஊர். ஆப்கானியக் கடைகள், ரொட்டி அடுப்புகள், கல்யாண மண்டபங்கள். கல்யாணங்களில் கீபோர்டும் டிரம் மெஷினும் ஆடுவதற்கு ஏற்ற இசையைக் கொடுத்தன. இசை ஆய்வாளர் ஜான் பெய்லி அங்கே எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பிலேயே தபலாவும் டிரம் மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிளாசிக்கல் கஸலைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிற சபை சுருங்கிப்போன இடத்தில் ஒரு உஸ்தாத் என்ன செய்வது?

ஒரு வழி ஐரோப்பாவிலிருந்து திறந்தது. காபூல் வானொலியின் பழைய பாடகர் ஹுசைன் அர்மானும் அவர் மகன் காலித் அர்மானும் ஜெனீவாவை மையமாகக் கொண்டு ‘ஆன்சாம்ப்ல் காபூல்’ என்ற குழுவை நடத்தி வந்தார்கள். அவர்களோடு மஹ்வஷ் பாடினார். 2003ல் அந்தக் குழுவுக்கு பிபிசி ரேடியோ 3ன் உலக இசை விருது கிடைத்தது. அதே சமயத்தில் வெளிவந்த இசைத்தட்டின் பெயர் ‘ரேடியோ காபூல்’. பின்னர் கராபாத் வழிவந்த ரபாப் கலைஞர் ஹுமாயுன் சகியோடும் மேடையேறினார்.

அந்த இசைத்தட்டின் பெயரைப் பாருங்கள். நாடு கடந்து வந்தவர்கள் ஊரின் பெயரையோ மலையின் பெயரையோ நினைவாக வைக்கவில்லை. ஒரு வானொலி நிலையத்தின் பெயரை வைத்தார்கள். அவர்கள் இழந்த நாடு நிலப்பரப்பு மட்டுமல்ல. மாதச் சம்பளம் கொடுத்து, ஒத்திகைக்கு அறை கொடுத்து, இசையமைப்பாளரையும் கவிஞரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த ஒரு நிறுவனம். வித்தைக்கு நிறுவனம் வேண்டும் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

‘உலக இசை’ என்ற சந்தையும் ஒரு அதிகாரம்தான். மிரட்டாது, விருது கொடுக்கும். பதிலுக்கு ஒன்று கேட்கும்: பிரதிநிதியாக இரு. அம்மாவின் வீட்டில் அவர் மகளாக இருக்க வேண்டியிருந்தது. வானொலியில் தேசமாக, பெஷாவரில் கட்சியாக, மேற்கின் மேடையில் ‘துன்புற்ற ஆப்கானியப் பெண்’ணாக. ஒவ்வொரு இடத்திலும் அவருடைய தொண்டையை யாரோ தங்கள் பேச்சுக்கு இரவல் கேட்கிறார்கள். 2001 நவம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ், ஆப்கானியப் பெண்களுக்காக வானொலியில் உரை நிகழ்த்தினார். அவருடைய கணவரின் விமானங்கள் அப்போது அங்கே குண்டு போட்டுக்கொண்டிருந்தன. அதுவும் ‘குரலற்றவர்களின் குரல்’தான். அந்த வாக்கியம் எனக்கு ஏன் நெருடியது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தப் போருக்குப் பிறகு வந்த அரசிலும் பெண்ணின் பாட்டு உடனே திரும்பிவிடவில்லை. 2004 ஜனவரியில் காபூல் தொலைக்காட்சி, சல்மா என்ற பாடகியின் பழைய பதிவொன்றை ஒளிபரப்பியபோது உச்ச நீதிமன்றமே எதிர்த்தது. 2010ல் தேசிய இசைக் கல்லூரி தொடங்கி, பெண்பிள்ளைகளும் வாத்தியம் கற்றார்கள். 2021 மார்ச்சில், தாலிபான் வருவதற்கு முன்பே, காபூல் கல்வித் துறை 12 வயதுக்கு மேற்பட்ட மாணவிகள் பொதுவில் பாடக் கூடாது என்றது. பெண்கள் பாடிப் பாடி வெளியிட்டு அதைப் பின்வாங்க வைத்தார்கள். ஆகஸ்ட் 15ல் காபூல் விழுந்தது. அந்த மாத இறுதியில் பக்லான் மாகாணத்து அந்தராப் பள்ளத்தாக்கில் நாட்டுப்புறப் பாடகர் ஃபவாத் அந்தராபி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆண். இசைக் கல்லூரியின் மாணவர்களும் ஆசிரியர்களும் போர்ச்சுகலுக்குப் போனார்கள். 2023 ஜூலையில் ஹேராத்தில் வாத்தியங்களைக் குவித்து எரித்தார்கள்.

7

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். வாயை அடைப்பது மட்டும் அவர்கள் நோக்கமாக இருந்தால் வாத்தியத்தை எரிக்க வேண்டியதில்லை, கல்லூரியை மூட வேண்டியதில்லை. வீட்டுக்குள் பாடும் குரலை எந்தச் சட்டத்தாலும் முழுசாக நிறுத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாதா? 2024 சட்டம் வந்த சில நாட்களிலேயே ஆப்கானியப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு பாடி வெளியிட்டார்களே. குரல் மிஞ்சும். அறுபடுவது ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போகிற நூல். ஒரு தலைமுறை அறுபட்டால் அடுத்த தலைமுறைக்கு என்ன போனது என்பதே தெரியாமல் போகும். தடையின் உண்மையான இலக்கு அதுதான் என்று எனக்குப் படுகிறது.

‘அவர் அமெரிக்காவில் பத்திரமாக இருக்கிறாரே, இன்னும் என்ன?’ என்று ஒரு நண்பர் கேட்டார். பத்திரம் என்பது உடலுக்கு. உஸ்தாத் என்ற சொல் தனியாளைக் குறிப்பதல்ல. எதிரே மாணவர் இருந்தால்தான் அதற்குப் பொருள். காபூலில் ஒரு சிறுமி அவரிடமோ அவர் வழிவந்தவரிடமோ போய் உட்கார முடியாதவரைக்கும் அந்தப் பட்டமும் சேர்ந்துதான் நாடு கடத்தப்பட்டிருக்கிறது.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை ஆப்கானியப் பெண்களுக்காகக் கூட்டம் போட்டால், அவர்களுடைய குரலாக நாம் ஆக வேண்டாம். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் அதிகம். தொடக்கத்திலேயே மஹ்வஷின் பதிவொன்றை முழுசாகப் போட்டுக் கேட்போம். நடுவில் யாரும் பேசக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது. மொழி புரியாது, பரவாயில்லை. ஒரு ஆசிரியரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்போடு கேட்போம். தீர்மானங்களை அதற்குப் பிறகு எழுதுவோம். அப்போது அவற்றில் ‘குரல்’ என்ற சொல் எத்தனை இடத்தில் மிஞ்சுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.